இறையாணையும் அரசாணையும்

சட்டத்துக்குக் கட்டுப்படுவது குடிமக்களின் கடமை. தாம் வணங்கும் இறைவனின் கட்டளைக்குக் கட்டுப்படுவது சமயப் பற்றாளரின் கடமை. கொலை, களவு, பொய்ச்சாட்சி போன்றவற்றைச் சட்டமும் தண்டிக்கிறது, சமயங்களும் பாவமென்று விலக்குகின்றன என்பதால், இவ்விரு கடமைகளும் பெரும்பாலான நேரங்களில் முரண்படுவதில்லை. சட்டம் செய்யச் சொல்வதைச் சமயம் கூடாதென்று விலக்கும்போதும், சமயம் கடமையாக விதிப்பதைச் சட்டம் குற்றமென்று தடுக்கும்போதும்தான், ஒரே மனிதர் இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே நிற்க நேர்கிறது. பல்லவ மன்னனின் அழைப்பை ஏற்க மறுத்த திருநாவுக்கரசர் நீற்றறையில் அடைக்கப்பட்டதையும், கல்லோடு பிணைக்கப்பட்டுக் கடலில் எறியப்பட்டதையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. அரசனின் சொல்லே சட்டமாக இருந்த காலத்தில் அத்தகைய மோதலுக்குப் பணிவு, தண்டனை என்ற இரண்டு முடிவுகளே இருந்தன. எழுதப்பட்ட அரசமைப்பும் சுதந்திரமான நீதிமன்றமும் தோன்றிய பிறகு மூன்றாவது வழி ஒன்று திறந்தது: தம் நம்பிக்கையின் பொருட்டு ஒரு சட்டக் கடமையிலிருந்து தமக்கு விலக்கு வேண்டுமென்று, அந்தச் சட்டத்தைக் காக்கும் நீதிமன்றத்திடமே குடிமக்கள் கேட்கலாம். அந்த விலக்கை எப்போது தரலாம், எப்போது மறுக்க வேண்டும் என்பதற்கு நீதிமன்றங்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக விடை தேடி வருகின்றன.

நம்பிக்கைக்கு உரிமை, நடத்தைக்கு வரம்பு

இந்தத் தேடலின் தொடக்கமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879-இல் முடித்துவைத்த ரெனால்ட்ஸ் வழக்கு. யூட்டா பகுதியில் குடியேறியிருந்த மார்மன் சபையினர், ஆண் ஒருவர் பல பெண்களை மணப்பதைச் சமயக் கடமையாகக் கருதினர். 1862-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமோ அதைக் குற்றமாக்கியிருந்தது. சபைத் தலைவர் பிரிகம் யங்கின் செயலராக இருந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ், தாம் சமயக் கடமையையே நிறைவேற்றியதாக வாதாடினார். தலைமை நீதிபதி மாரிசன் வெயிட் எழுதிய தீர்ப்பு, மனத்திலுள்ள நம்பிக்கையில் அரசு தலையிட முடியாது, ஆனால் அந்த நம்பிக்கையிலிருந்து பிறக்கும் செயலைக் கட்டுப்படுத்தலாம் என்று கோடு கிழித்தது. இல்லையேல் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிச் சட்டம் வகுத்துக்கொள்வார்கள் என்றது. நரபலியையும் கணவனின் சிதையில் மனைவி எரிவதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகளாகக் கூறியது. இந்தியாவில் உடன்கட்டை ஏறுதலை பென்டிங்க் பிரபு 1829-இல் வங்காளத்தில் தடை செய்ததும், அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்கும் அத்தடை வந்ததும் அந்த எடுத்துக்காட்டுக்குப் பின்னால் இருந்த வரலாறு. மார்மன் சபையின் தலைமை 1890-இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896-இல் யூட்டா மாநிலமாக ஏற்கப்பட்டது.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவிலும் முதல் பெரிய மோதல் இதே பொருளில்தான் எழுந்தது. இந்து ஆண்களின் இருதார மணத்தைப் பம்பாய், சென்னை மாகாணச் சட்டங்கள் தடை செய்தபோது, ஆண் வாரிசுக்காக மறுமணம் செய்வது சமயக் கடமை என்று வாதிடப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 1951-இல் நரசு அப்பா மாலி வழக்கிலும், சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தொடர்ந்து சீனிவாச ஐயர் வழக்கிலும் அவ்வாதத்தை ஏற்காமல், நம்பிக்கையைக் காக்கும் அரசு, பொது நலனுக்கு முரணான பழக்கத்தைத் திருத்தலாம் என்று கூறின.

நம்பிக்கை வேறு, செயல் வேறு என்ற இந்தப் பிரிவினை எளிமையானது என்பதாலேயே கவர்ச்சியுடையது. ஆனால் அது எல்லா வழக்கையும் தீர்த்துவிடுவதில்லை. நோன்பு, நேர்த்திக்கடன், திருவிழா, உடை, உணவு, ஓய்வுநாள் என்று சமயத்தின் பெரும்பகுதி செயலாகவே வாழ்கிறது. மனத்துக்குள் எதையும் நம்பலாம், வெளியே எதையும் செய்யக்கூடாது என்ற உரிமையால் எந்தப் பற்றாளருக்கும் பயனில்லை.

இந்திய அரசமைப்பின் ஏற்பாடு

இந்த உண்மையை உணர்ந்தே இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, மனசாட்சிச் சுதந்திரத்தோடு, சமயத்தை வெளிப்படையாக ஏற்கவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை தருகிறது. அதே மூச்சில், பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம் ஆகிய மூன்றுக்கும் ஏனைய அடிப்படை உரிமைகளுக்கும் அந்த உரிமை கட்டுப்பட்டது என்றும் அப்பிரிவு கூறுகிறது. சமய நடவடிக்கைகளோடு ஒட்டியிருக்கும் பொருளாதார, நிதி, அரசியல் செயல்பாடுகளை அரசு ஒழுங்குபடுத்தலாம். சமூகச் சீர்திருத்தத்துக்காகச் சட்டம் இயற்றலாம். பொதுத் தன்மையுள்ள இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடலாம். 26-ஆம் பிரிவு, ஒரே கோட்பாட்டால் இணைந்த குழுவாகிய சமயப் பிரிவுக்குத் தன் சமயக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவோ, எந்தச் சமயத்தின் பேராலும் விலக்குக் கேட்க இடமளிக்கவில்லை.

சில விலக்குகள் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டன. சீக்கியர் கிர்பான் எனப்படும் குறுவாளை அணிவதும் ஏந்திச் செல்வதும் அவர்தம் சமயத்தைக் கடைப்பிடிப்பதில் அடங்கும் என்று 25-ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தலைப்பாகை அணிந்த சீக்கியருக்குத் தலைக்கவசத்திலிருந்து விலக்களிக்கிறது. சத்தியம் செய்வதைச் சமய நெறியாக மறுத்த குவேக்கர் சபையினருக்காக இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய மாற்று ஏற்பாடு, 1969-ஆம் ஆண்டின் இந்திய உறுதிமொழிச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாட்டின் பதவியேற்பு மேடைகளில் சிலர் ஆண்டவன் பெயரால் ஆணையிடுவதும், கடவுள் மறுப்பாளர் பலர் உளமார உறுதி கூறுவதும் அதே ஏற்பாட்டின் பயன்தான். இங்கெல்லாம் சட்டத்தின் நோக்கம் பெரிதாகக் கெடவில்லை. சாட்சி சொல்பவர் உண்மை பேசக் கடமைப்பட்டவராகவே இருக்கிறார், அவர் தம்மைப் பிணைத்துக்கொள்ளும் முறை மட்டுமே மாறுகிறது.

பாட மறுத்த மூன்று பிள்ளைகள்

சட்டத்தில் முன்கூட்டியே எழுதப்படாத விலக்கை ஒருவர் கேட்கும்போது நீதிமன்றம் எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதற்குச் சிறந்த பாடம், கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூரில் 1985-இல் எழுந்து, பிஜோ இம்மானுவேல் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்தை எட்டிய சிக்கல். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தின் மூன்று பிள்ளைகள், முறையே பத்தாம், ஒன்பதாம், ஐந்தாம் வகுப்புகளில், ஒரே பள்ளியில் படித்துவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய இப்பிரிவினர், யெகோவாவுக்கு மட்டுமே வழிபாட்டுக்குரிய மரியாதையைச் செலுத்தலாம் என்று நம்புவதால், கொடி வணக்கம் செய்வதில்லை, நாட்டுப்பண் பாடுவதில்லை, படையிலும் சேர்வதில்லை. அந்த நிலைப்பாட்டுக்காகவே நாஜி ஜெர்மனியின் வதைமுகாம்களில் ஊதா நிற முக்கோண அடையாளத்தோடு அடைபட்டுக் கிடந்தவர்கள்.

அன்றாடக் காலைக் கூட்டத்தில் நாட்டுப்பண் ஒலிக்கும்போது அப்பிள்ளைகள் எழுந்து, அமைதியாக, மரியாதையோடு நின்றார்கள். பாடுவதை மட்டும் தவிர்த்தார்கள். அதே பள்ளியில் முன்பு படித்த அவர்களுடைய மூத்த சகோதரிகளும் அவ்வாறே நின்றிருந்தார்கள்; யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை. 1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைக் கவனித்து அவையில் கேள்வி எழுப்பினார். அரசு அமைத்த விசாரணைக் குழு, அப்பிள்ளைகள் சட்டத்தை மதிப்பவர்கள், நாட்டுப்பண்ணுக்கு அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று அறிக்கை தந்தது. ஆயினும் கல்வித் துறை அதிகாரியின் அறிவுறுத்தலின்படி, ஜூலை 26 அன்று தலைமையாசிரியை அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் முடிவு வரும்வரையேனும் பிள்ளைகளை வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தந்தை கேட்டபோது, தம் கையில் எதுவுமில்லை என்று தலைமையாசிரியையால் சொல்ல மட்டுமே முடிந்தது.

கேரள உயர் நீதிமன்றம், முதலில் ஒரு நீதிபதியும் பின்னர் இரு நீதிபதிகள் அமர்வுமாக, பெற்றோரின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அமர்வு நாட்டுப்பண்ணின் சொற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எந்தச் சமயத்தவரின் மனத்தையும் புண்படுத்தும் சொல்லோ கருத்தோ அதில் இல்லை என்று முடிவு கண்டது. அந்த முடிவில் பிழை இல்லை. ஆனால் பிள்ளைகளின் மறுப்பு பாட்டின் பொருளைப் பற்றியதே அல்ல, பாடுதல் என்னும் செயலைப் பற்றியது. இதைச் சுட்டிக்காட்டியதில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் கூர்மை இருக்கிறது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் 1986 ஆகஸ்ட் 11 அன்று வழங்கிய அத்தீர்ப்பு, ஒரு நம்பிக்கை நீதிபதியின் அறிவுக்கோ உணர்வுக்கோ ஏற்புடையதாக இருக்கிறதா என்பது கேள்வியல்ல, அது உண்மையாகவும் மனசாட்சியோடும் கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி என்று அளவுகோலை மாற்றி வைத்தது.

அடுத்து, மீறப்பட்டதாகச் சொல்லப்படும் சட்டம் எது என்று நீதிபதிகள் தேடினார்கள். 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதைக்கு அவமதிப்புத் தடுப்புச் சட்டம், நாட்டுப்பண் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதையும் பாடுவோர் கூட்டத்தில் கலகம் செய்வதையும் குற்றமாக்குகிறது. எழுந்து நிற்பவர் வாய் திறந்து பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாணவர் அனைவரும் சேர்ந்து பாடவேண்டும் என்றவை கல்வித் துறையின் சுற்றறிக்கைகள் மட்டுமே. அடிப்படை உரிமையைச் சட்டத்தால்தான் வரம்பிடலாம், துறைச் சுற்றறிக்கையால் வரம்பிட முடியாது என்பதால், பேச்சுரிமையைத் தரும் 19-ஆம் பிரிவும் சமய உரிமையைத் தரும் 25-ஆம் பிரிவும் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார்கள். பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பது அன்று உறுதியாயிற்று.

இத்தீர்ப்பு ஆராய்ந்த அமெரிக்க அனுபவமும் அறிந்துகொள்ளத் தக்கது. பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில் கொடி வணக்கம் செய்ய மறுத்த இதே பிரிவின் பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது சரியே என்று 1940-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் நாட்டின் பல பகுதிகளில் அப்பிரிவினர் தாக்கப்பட்டார்கள். பெரும்பான்மையில் இருந்த நீதிபதிகள் மூவர், இரண்டே ஆண்டுகளில், தாம் தவறாகத் தீர்ப்பளித்ததாக வேறொரு வழக்கில் வெளிப்படையாக எழுதினார்கள். 1943-இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, பார்னெட் வழக்கில் நீதிமன்றம் தன் முந்தைய முடிவை மாற்றிக்கொண்டது. நாட்டுப்பற்றைக் கட்டாயத்தால் ஊட்ட முடியாது என்பதைப் போர்க்காலத்திலேயே ஒரு நீதிமன்றம் ஏற்றது குறிப்பிடத்தக்கது.

நீதிபதி சமய அறிஞராகும்போது

கிடங்கூர் வழக்கின் அளவுகோல் இவ்வளவு தெளிவாக இருந்தும், இந்திய நீதிமன்றங்கள் அடிக்கடி கையிலெடுப்பது வேறோர் அளவுகோலை. சமயத்துக்கு இன்றியமையாத நடைமுறைக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு என்னும் அந்தக் கோட்பாட்டின் மூலம் பழைய சென்னை மாகாணத்தில் இருக்கிறது. இந்தியர் வாழ்வில் பிறப்பு முதல் இறப்பு வரை அனைத்தையும் சமயம் தழுவி நிற்பதால், சாரத்தில் சமயமாக இருப்பவற்றோடு பாதுகாப்பை நிறுத்திக்கொள்ளாவிட்டால் எந்தச் சீர்திருத்தச் சட்டமும் இயற்ற முடியாது என்று அம்பேத்கர் 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச்சரித்திருந்தார். உடுப்பி சிரூர் மடத்தின் தலைவர், 1951-ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1954-இல் நீதிபதி பி.கே. முகர்ஜி, ஒரு சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று எழுதினார். சமயத்தவருக்கு இடம் விட்ட அந்த வாக்கியம், பின்வந்த தீர்ப்புகளில் நீதிபதிகளே சமய நூல்களைப் புரட்டி முடிவு செய்யும் வழக்கமாக மாறிவிட்டது.

அதன் விளைவுகள் சில வழக்குகளில் வெளிப்படையாகத் தெரிகின்றன. பக்ரீத் நாளில் பசுவைப் பலியிடுவது தொடர்பான 1958-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஒருவருக்கு ஓர் ஆடு அல்லது ஏழு பேருக்கு ஒரு மாடோ ஒட்டகமோ என்று தெரிவு இருப்பதால், மாடு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஏழு பேர் கொண்ட ஏழைக் குடும்பத்தால் ஏழு ஆடுகள் வாங்க முடியாது என்ற வாதத்துக்கு, அது பொருளாதார நெருக்கடி, சமயக் கட்டாயம் ஆகாது என்று விடையளிக்கப்பட்டது. ஆனந்த மார்க்கம் என்ற அமைப்பினர் கல்கத்தாவின் தெருக்களில் மண்டையோடும் கத்தியும் ஏந்தித் தாண்டவம் ஆட உரிமை கேட்டபோது, அமைப்பு தோன்றியது 1955-இல், தாண்டவம் சேர்க்கப்பட்டது 1966-இல், ஆகவே அது இன்றியமையாததன்று என்று 1983-இல் தீர்ப்பாயிற்று. பின்னர் அமைப்பினர் தம் நெறிநூலிலேயே தாண்டவத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தபோது, இடையில் மாற்றக்கூடியது சமயத்தின் உயிர்நாடியாகாது என்று 2004-இல் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். தெருவில் ஆயுதம் ஏந்திச் செல்வதைப் பொது ஒழுங்கின் பேரிலேயே மறுத்திருக்கலாம். அதற்காக ஒரு சமயம் எந்த ஆண்டோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் குறிக்கத் தேவையிருக்கவில்லை.

கர்நாடகக் கல்விக்கூடங்களில் ஹிஜாப் அணிவது குறித்த வழக்கிலும் இந்த இரு அளவுகோல்களும் நேருக்கு நேர் நின்றன. 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்துக்கு இன்றியமையாததன்று என்று கூறி, சீருடையை வற்புறுத்திய அரசாணையை ஏற்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேமந்த் குப்தா சீருடையின் பொதுத்தன்மையை முன்னிறுத்தி அம்முடிவை ஆதரிக்க, நீதிபதி சுதான்ஷு துலியா இன்றியமையாமை பற்றிய ஆராய்ச்சியே தேவையற்றது என்று கருதி, கிடங்கூர் வழக்கின் வழியில் மாணவியின் மனசாட்சியையும் படிப்பையும் முன்வைத்து மாறுபட்டார். பெண்களின் கோயில் நுழைவு குறித்த 2018-ஆம் ஆண்டின் சபரிமலைத் தீர்ப்புக்குப் பிறகு, சமயத்தின் உட்கூறுகளை நீதிமன்றம் எதுவரை ஆராயலாம் என்ற கேள்வியே 2019-இல் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

சட்டமன்றங்களும் இந்த இடறலுக்கு விலக்கல்ல. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1950-லேயே இயற்றப்பட்டிருந்தும், கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் கிடா வெட்டுவது அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தடையின்றி நடந்துவந்தது. 2003-இல் ஜெயலலிதா அரசு அச்சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும், நாட்டார் தெய்வங்களை வழிபடும் மக்களிடம் எழுந்த எதிர்ப்பால், 2004-இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. இறைச்சிக் கடையில் நாள்தோறும் நடப்பதைக் குலதெய்வத்தின் முன் நடந்தால் மட்டும் குற்றமாக்கிய அச்சட்டம், உயிர்வதையைவிட வழிபாட்டு முறையையே குறிவைத்தது. அதனால்தான் அதற்குக் கீழ்ப்படிதல் கிட்டவில்லை.

பிறர் மீது விழும் சுமை

அப்படியானால், மனசாட்சியைக் காட்டிக் கேட்கப்படும் எல்லா விலக்கையும் தந்துவிட முடியுமா? முடியாது என்பதற்கும் யெகோவாவின் சாட்சிகளின் வரலாறே சான்று தருகிறது. 1943-இல் கொடி வணக்க வழக்கில் வென்ற அதே பிரிவினர், 1944-இல் பிரின்ஸ் வழக்கில் தோற்றார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒன்பது வயதுச் சிறுமியை அவளுடைய காப்பாளர் தெருவில் சமய இதழ்களை விநியோகிக்க அழைத்துச் சென்றது, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை மீறியதாகும் என்றும், பெற்றோர் தம் நம்பிக்கைக்காகத் தாம் துன்பம் ஏற்கலாம், பிள்ளைகளைத் துன்பத்துக்கு உள்ளாக்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. சபையும் நம்பிக்கையும் மாறவில்லை. விலக்கின் சுமையை யார் தாங்குகிறார் என்பது மட்டுமே மாறியது. கொடியை வணங்காத பிள்ளையால் பக்கத்துப் பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லை. தெருவில் நிறுத்தப்படும் பிள்ளைக்கு இழப்பு உண்டு.

சென்னையிலிருந்து எழுந்து 2000-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த மற்றொரு வழக்கும் இதே கோட்டில் நிற்கிறது. ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஜெபக்கூடத்திலிருந்து எழுந்த மேளமும் ஒலிபெருக்கியும் தாங்க முடியாதவை என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டபோது, அயலாரின் அமைதியைக் குலைத்து இறைவனை வேண்டும்படி எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று நீதிமன்றம் கருதியது. வழிபாட்டை அது நிறுத்தவில்லை; ஒலியின் அளவை மட்டும் விதிகளுக்குள் கொண்டுவரச் சொன்னது. அதே விதி கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கிக்கும் மசூதியின் ஒலிபெருக்கிக்கும் பொருந்தும். ஒரு சமயத்துக்கு மட்டும் பொருத்தினால் அது சட்டமாக இராமல் பகையாகிவிடும். தீண்டாமை, உடன்கட்டை, கட்டாயத் தடுப்பூசி ஆகிய பொருள்களிலும் இந்த ஒரே கேள்வி வழிகாட்டுகிறது: நம்புகிறவர் தம் நம்பிக்கையின் விலையைத் தாமே தருகிறாரா, அல்லது பிறர் தலையில் சுமத்துகிறாரா?

சட்டமே தவறும்போது

குடிமக்களின் சமய வாழ்வை மதிக்காமல் சட்டமே அநீதியாக நிற்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் உயர் நீதிமன்ற நீதிபதி சர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடந்து பதிவு செய்யப்பட்ட திருமணங்களுக்கு மட்டுமே சட்ட ஏற்பு உண்டு என்ற நிலையை உருவாக்கியதால், அங்கு வாழ்ந்த இந்துக்கள், முஸ்லிம்களின் மனைவியர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவரானார்கள். காந்தியின் தலைமையில் எழுந்த சத்தியாகிரகத்தில் பெண்கள் முதன்முறையாகத் திரளாகச் சிறை சென்றதற்கு இத்தீர்ப்பே உடனடிக் காரணம். அவர்களுள் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை, மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம், இந்து, முஸ்லிம் முறைப்படி நடந்த ஒருதார மணங்களை ஏற்றது.

இந்த வகைச் சட்ட மறுப்பு, விலக்குக் கேட்பதிலிருந்து வேறுபட்டது. விலக்குக் கேட்பவர் சட்டம் பொதுவில் நியாயமானது, தமக்கு மட்டும் பொருந்தவில்லை என்கிறார். சத்தியாகிரகியோ சட்டமே அநீதியானது என்று அறிவித்து, அதை மறைவின்றி மீறி, தண்டனையைத் தாமே ஏற்கிறார். 1917 ஏப்ரலில் மோதிஹாரி நீதிமன்றத்தில், சம்பாரண் மாவட்டத்தைவிட்டு வெளியேறும் ஆணையை மீறிய குற்றத்தை ஒப்புக்கொண்ட காந்தி, சட்டப்படியான அதிகாரத்தின் மீது மதிப்பில்லாமல் அன்று, மனசாட்சி என்னும் உயர்ந்த சட்டத்துக்குப் பணிந்தே மீறியதாகக் கூறியது இந்த வேறுபாட்டை விளக்குகிறது. தண்டனையை ஏற்பதன் மூலம் அவர் சட்டத்தின் ஆட்சியை மறுக்காமல், குறிப்பிட்ட ஒரு சட்டத்தை மட்டுமே மறுத்தார்.

நம்பிக்கையற்றவரின் மனசாட்சியும் இதே பாதுகாப்புக்கு உரியது என்பதைத் தமிழகத்தின் சுயமரியாதைத் திருமணங்கள் நினைவூட்டுகின்றன. பெரியாரின் இயக்கத்தவர் புரோகிதரும் தீயும் சடங்கும் இன்றி நடத்திய மணங்கள், வழக்கமான இந்து முறைக்கு உட்படாதவை என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் அவற்றைச் செல்லாதவையாக்கியது. 1967-இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த மணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. தென்னாப்பிரிக்காவில் சமயச் சடங்குக்கு ஏற்பு மறுக்கப்பட்டது. தமிழகத்தில் சடங்கின்மைக்கு ஏற்பு மறுக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் மறுக்கப்பட்டது, தாம் சரியென்று நம்பும் முறையில் குடும்பம் அமைக்கும் உரிமையே.

கீழ்ப்படிதல் எங்கே பிறக்கிறது

இவ்வழக்குகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, சமயமா சட்டமா என்ற பெரிய கேள்வியைவிடச் சிறிய, கூர்மையான மூன்று கேள்விகளே பயன் தருவதாகத் தெரிகிறது. கேட்பவரின் நம்பிக்கை உண்மையானதா, அல்லது வசதிக்காகப் போர்த்திக்கொண்டதா என்பது முதலாவது. அரசு வற்புறுத்துவது சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையா, அல்லது அதிகாரியின் சுற்றறிக்கையையா, அதன் நோக்கம் இந்த ஒருவருக்கு விலக்களிப்பதால் கெடுமா என்பது இரண்டாவது. விலக்கின் விலையை, அதைக் கேட்டவரைத் தவிர வேறு யாராவது தர நேர்கிறதா என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் விடை காண்பதற்கு வேதமோ ஆகமமோ குர்ஆனோ படித்துத் தீர்ப்புச் சொல்லும் புலமை நீதிபதிக்குத் தேவையில்லை. சாட்சியங்களை எடைபோடும் பயிற்சி போதும்.

சில வழக்குகளில் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். சமயக் குழுவின் உரிமையும் அக்குழுவுக்குள்ளேயே வாழும் பெண்ணின் அல்லது குழந்தையின் உரிமையும் எதிரெதிரே நிற்கும்போது எந்த அளவுகோலும் வலியில்லாமல் வழிகாட்டாது. ஆனால் அங்கும், வெளியேறிப் போகும் வலிமை இல்லாதவரின் பக்கம் சட்டம் சாயவேண்டும் என்பதையே சென்ற நூற்றாண்டின் அனுபவம் சொல்கிறது. நம்பிக்கையாளர் தம் நம்பிக்கையின் விலையைத் தாமே தரவேண்டும். அரசு தனக்குத் தேவையானதற்கு மேல் ஒரு சொல்லையும் வணக்கத்தையும் வற்புறுத்திப் பெறக்கூடாது. இந்த இரண்டு கடமைகளும் நிறைவேறும் நாட்டில், சட்டத்துக்குக் கீழ்ப்படிவதற்காக எவரும் தம் இறைவனையோ தம் இறைமறுப்பையோ வாசலில் கழற்றிவைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. எழுகின்ற சில இடங்களிலும், ஏன் கழற்ற வேண்டும் என்பதற்கான காரணத்தை அரசு சொல்லியாக வேண்டும்.